ரவுண்டு: சென்னைச் சிறு பூங்காக்களின் நீட்டலளவை குறித்து

ரவுண்டு என்பது சென்னையின் சிறு பூங்காக்களில் வழங்கும் நீட்டலளவை. சாணும் முழமும் கையில் பிறந்தன; கூப்பிடு தூரம் தொண்டையில் பிறந்தது; ரவுண்டு மருத்துவர் எழுதிய சீட்டில் பிறந்தது. நடைபாதையில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது ஒரு ரவுண்டு. இதற்கு மீட்டர் கணக்கு கிடையாது. பூங்காவுக்குப் பூங்கா நீளம் மாறும். ஆனாலும் "இன்னிக்கு எத்தனை?" என்றால் "பத்து" என்பதோடு பேச்சு முடியும். எந்தப் பூங்காவின் பத்து என்று கேட்பது மரபன்று.

ரவுண்டு தழைக்க, பூங்கா அதிகம் பேர் பெறாததாக இருக்க வேண்டும். செம்மொழிப் பூங்காவில் நுழைவுச்சீட்டு வாங்கியவர் சுற்றுவதில்லை, படமெடுக்கிறார். பனகல் பார்க்கோ புடவைக் கடைக்கு வழி சொல்லவே சரியாகிவிடுகிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, வெங்கட்நாராயணா சாலையில், நீதிக்கட்சி நிறுவனர்களில் ஒருவரான டாக்டர் சி. நடேசனார் பெயரிலுள்ள பூங்கா ஆய்வுக்கு ஏற்றது. இப்பூங்கா இருக்கும் தியாகராய நகர் 1920களில் எழுந்தது மாம்பலம் ஏரியின் படுகையில். ஏரி இருந்த காலத்தில் ஒரு ரவுண்டு அரை நாள் வேலையாக இருந்திருக்கும்.

மயிலாப்பூர் லஸ்ஸில் உள்ளது நாகேஸ்வர ராவ் பூங்கா. 1893இல் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கியது. முழங்கால் நோகும் இடத்துக்கு வலிமருந்து கண்டவரின் பெயர் அமைந்தது இடுகுறியா, காரணப்பெயரா என்பதை இலக்கணப் புலவர்கள் தீர்க்க வேண்டும். வடக்கே, ராயபுரத்தின் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. இக்காலத்து நடையர்கள் தூறல் விழுந்தாலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிந்தாதிரிப்பேட்டையின் நேப்பியர் பூங்கா பின்னாளில் மே தினப் பூங்கா ஆயிற்று. எட்டு மணி நேர வேலை கேட்ட நாளின் பெயர் கொண்டதால், இப்போது ஊரெங்கும் பரவியிருக்கும் 'எட்டு நடை'க்கு உரிமை கோரும் தகுதி இதற்கே உண்டு.

திசையைப் பொறுத்து ரவுண்டு இருவகை: வலம், இடம். வலமே பெருவழக்கு, கோயில் பிராகாரம் காலில் ஊறியிருக்கிறது. ஒத்த வேகத்தில் எதிரெதிராக நடக்கும் இருவர் ஒரு ரவுண்டுக்கு இருமுறை சந்திப்பர். முதல் சந்திப்பில் புன்னகை, இரண்டாவதில் தலையசைப்பு. ஐந்தாவதில் இருவருக்குமே வேப்பமரத்தின் உச்சியைப் பார்க்கும் அவசியம் நேர்ந்துவிடும். மருமகளைப் பற்றிப் பேசியபடி வருவோரை எதிர்கொள்பவருக்கு அரை ரவுண்டுக்கு ஒரு வாக்கியமே கிட்டும். பின்னால் நடப்பவருக்கோ முழுக் கதையும் கிட்டும். வலம் பெருவழக்காக நீடிப்பதற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று சொல்வது அவசர முடிவு.

எண்ணிக்கை விரல் கணுக்களில் நடக்கும். சிலர் சிமெண்டு பெஞ்சில் ரவுண்டுக்கொரு கூழாங்கல் வைப்பர். அந்தப் பெஞ்சில் குழந்தைகள் உட்கார்ந்த நாளில் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆறா ஏழா என்று ஐயம் வந்தால் ஏழு. பாதையை விட்டுப் புல்தரை வழியே வருவது ரவுண்டுக் குறுக்கம் எனப்படும். ஐகாரக் குறுக்கம் போல இது தன் மாத்திரையில் குறையும், எண்ணிக்கையில் குறையாது. அலைபேசியில் பேச நின்றுவிட்ட ரவுண்டும் அவ்வாறே.

வாயிலில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டு சூப்பும் விற்கும். இவை ரவுண்டின் பின்னொட்டுகள். எதிர் ஓட்டலின் போண்டா பின்னொட்டு அன்று, அது எதிர்மறை.

காலை நேரம் முடிந்ததும் காவலர் விசில் ஊதிக் கதவைச் சாத்துவார். விசில் ஒலிக்கையில் பாதையின் எந்த இடத்தில் நின்றாலும் அது ஒரு முழு ரவுண்டு.