முருங்கையில் தொங்கும் இணையம்

எங்கள் வீட்டு மோடத்தில் நாலு விளக்குகள். மூன்று பச்சை. நாலாவதன் மேல் ஆங்கிலத்தில் எல்-ஓ-எஸ் என்று மூன்றெழுத்து இருக்கும். லைன் அறுந்தால் அது சிவப்பாகக் கண் சிமிட்டும். செய்யூரில் அதை எல்லோரும் 'லாஸ்' என்றுதான் வாசிக்கிறோம். "தம்பி, எங்க வீட்ல லாஸ் எரியுது" என்றால் கேபிள்காரத் தம்பிக்குப் புரிந்துவிடும். நஷ்டத்துக்கென்று தனியாக விளக்கு வைத்து விற்கப்படும் பொருள், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

2025 டிசம்பர் முதல் வாரம். டிட்வா புயல் இலங்கையைச் சின்னாபின்னமாக்கிவிட்டு, வலுவிழந்து நம் கரையோரம் வந்து நின்றுகொண்டு, போகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. மகளுக்கு சோழிங்கநல்லூரில் வேலை. மழைக்கு வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று ஊருக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு மீட்டிங். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு லாஸ்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் லைன் தெருமுனைப் பெட்டியில் புறப்பட்டு, கம்பத்துக்குக் கம்பம் தாவி, எதிர்வீட்டு மாடிக் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் முருங்கை மரத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, சன்னல் வழியாக உள்ளே நுழைகிறது. முருங்கைக் கிளையின் பலம் ஊர் அறிந்தது. குருவி கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தாலே முறியும். காற்றடித்தால் கிளை விழும், கிளையோடு லைன் விழும், தம்பி வந்து அடுத்த கிளையில் கட்டிவிட்டுப் போவார்.

வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும் கதையை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. செய்யூர்க்காரனுக்கு வேதாளம் புதிதும் அல்ல. எங்கள் கந்தசாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் தலைக்கு ஒன்றாக 27 வேதாளங்கள் உண்டு. வானத்தில் இருக்கும் நட்சத்திரத்துக்கும் தரையில் இருக்கும் பக்தனுக்கும் இடையில் ஆளுக்கொரு தனி இணைப்பு என்ற ஏற்பாடு இந்த ஊரில் எப்போதோ வந்துவிட்டது. மாத வாடகையும் கிடையாது.

மகள் மடிக்கணினியையும் குடையையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி இடம். அங்கே நின்றால் போனில் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். மூன்றாவது கோடு வேண்டுமென்றால் தொட்டியின் மேலேயே ஏற வேண்டும். அவள் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு 'யெஸ், ஐ ஆம் ஆடிபிள்' என்று சொல்லிக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்துத்தான் என் மச்சான் களத்தில் இறங்கினார்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. மதுராந்தகத்தில் மோட்டார் கடை. எதையும் அடிமட்டத்திலிருந்து மாற்றியே தீர வேண்டும் என்பவர். குழாய் ஒழுகினால் வாசர் போட மாட்டார், வீட்டுக்கே புது பைப்லைன் இழுப்பார்.

"மாமா, மரத்துக்கு மரம் கயிறு கட்டுற பிழைப்பு இன்னும் எத்தனை நாளைக்கு? மேலேருந்து நேரா வாங்கிடலாம். ஸ்டார்லிங்க்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஸ்டார்லிங்க் என்றால் செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் இணையம். அதன் செயற்கைக்கோள்கள் அப்போது ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. செய்யூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் காக்கை பறக்கும் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கன்னியாகுமரியை நிமிர்த்தி நட்டு வைத்தால் அதன் உச்சியில் செயற்கைக்கோள். வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். நம் தலைக்கு மேல் வந்ததும் சென்னைப் பக்கம் திரும்பினால் பதினோரு வினாடியில் சென்னை. நம் பஸ்ஸுக்கு அதில் கண்டக்டர் விசில் ஊதத்தான் நேரம் இருக்கும்.

பழைய வகைச் செயற்கைக்கோள்கள் அப்படியில்லை. அவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருப்பவை. டிடிஎச் குடை பார்த்துக்கொண்டிருப்பது அவற்றைத்தான். சினிமா பார்க்க அந்தத் தூரம் பரவாயில்லை. பேசுவதற்குத்தான் சிக்கல். கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் மேலே போய்க் கீழே வருவதற்குள், ஒளியின் வேகத்தில் போனால்கூட அரை வினாடி ஆகிவிடும். அரை வினாடிதானே என்று கல்யாணம் ஆகாதவர்கள் நினைக்கலாம். "நான் சொன்னது காதுல விழுந்துதா?" என்று என் மனைவி கேட்டு, நான் அரை வினாடி சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பதை முப்பது வருஷமாக அனுபவித்து வருகிறேன்.

ஆக, அறிவியல் மச்சான் பக்கம். மிச்சம் எல்லாம் என் மனைவி பக்கம்.

மச்சான் ஸ்டார்லிங்க் செயலியைப் போனில் இறக்கினார். சிக்னல் வாங்கும் தட்டை வைக்கப்போகும் இடத்தில் நின்று போன் கேமராவை வானத்தை நோக்கிக் காட்டிச் சுற்றி வந்தால், எந்தப் பக்கம் வானம் திறந்திருக்கிறது, எது மறைக்கிறது என்று அது சொல்லிவிடும். தோட்டத்து நடுவில் நின்று, போனை அண்ணாந்து பிடித்துக்கொண்டு, மச்சான் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கத்து வீட்டுப் பாட்டி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சூரிய நமஸ்காரமாப்பா? மேகமா இருக்குதே" என்றார்.

முடிவு வந்தது. வானம் முழுக்கச் சிவப்பு. எங்களுக்குப் பதினாலு தென்னை, ஒரு வேம்பு. மொட்டை மாடியில் கம்பம் நட்டாலும் தென்னை அதற்கு மேல் நாற்பது அடி நிற்கிறது. செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே இருப்பதால் டிடிஎச் குடை போல ஒரு திசையில் ஓட்டை இருந்தால் போதாது. பெரிய வட்டமாக வானம் வேண்டும்.

"மூணு மரத்தை எடுத்துட்டா போதும்க்கா" என்றார் மச்சான்.

"எடுத்துட்டா?"

"அதாவது..."

"இந்த மரம் எங்க மாமனார் வெச்சது. அந்த மரம் இவ பொறந்தப்போ வெச்சது. மேலேருந்து வர்றவன் மரத்துக்கு ஒதுங்கி வரட்டும்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் டிசம்பர் 8ஆம் தேதி ஸ்டார்லிங்கின் இந்திய இணையப் பக்கத்தில் விலை தெரிந்தது. மாதம் 8,600 ரூபாய். கருவிக்கு 34,000 ரூபாய். மச்சான் செய்தியை வாசிக்க, மனைவி கணக்குப் போட்டாள். அவள் எதையும் ரூபாயில் கணக்குப் போட மாட்டாள், தேங்காயில்தான். போன பறிப்பில் வியாபாரி காய் இருபது ரூபாய்க்கு எடுத்தார். அப்படியானால் கருவி 1,700 காய். மாத வாடகை 430 காய். வருஷத்துக்கு 5,160. எங்கள் பதினாலு மரமும் சேர்ந்து வருஷம் ஆயிரத்து நூறு காய் கொடுத்தால் அது நல்ல வருஷம்.

"அதுலயும் மூணு மரத்தை வெட்டிட்டு" என்று அவள் முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை.

அன்றைக்கே அந்த நிறுவனம் அது விலையே இல்லை, சோதனைக்காகப் போட்ட எண்கள் தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டன என்று சொல்லிவிட்டது. இந்தியாவில் அப்போது சேவையே தொடங்கவில்லை.

"அப்போ நிஜ விலை என்ன?" என்றாள் மனைவி.

"சொல்லலை."

"தேங்காய் வியாபாரியும் இப்படித்தான். முதல்ல ஒரு விலையைக் காதுல போட்டுட்டு, 'சும்மா சொன்னேன்'னுவாரு."

மச்சான் இதற்கெல்லாம் அசரும் ஆள் இல்லை. 2021இலேயே 99 டாலர் முன்பணம் கட்டிக் காத்திருக்கலாம் என்று வாய்ப்பு வந்தது. உரிமம் இல்லாமல் பணம் வாங்கக் கூடாது என்று அரசு சொல்ல, நிறுவனம் எல்லோருக்கும் பணத்தைத் திருப்ப வேண்டி வந்தது. நல்லவேளை, அந்த வருஷம் மச்சானிடம் டாலர் போகிற கார்டு இல்லை. உரிமம் 2025 ஜூனில்தான் கிடைத்தது. அதற்கு அடுத்த மாதமே இலங்கையில் சேவை தொடங்கிவிட்டது. இங்கே மத்திய இணை அமைச்சர், இந்தியா முழுவதற்கும் 20 லட்சம் இணைப்புக்கு மேல் அவர்களால் தர முடியாது என்றார். தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை மட்டும் 2 கோடிக்கு மேல். வரிசையில் நின்றாலும் நம் முறை வரும்போது பேரனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

கேலி போகட்டும். ஜவ்வாதுமலையிலோ கல்வராயன் மலையிலோ ஒரு குக்கிராமம், கம்பம் நடவே வழியில்லை என்றால், அங்கே பள்ளிக்கூடத்துக்கு ஒரு தட்டு வைப்பதை நான் கைதட்டி வரவேற்பேன். செய்யூர் அப்படியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்தில் ஓடுகிறது. மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவதுதான் பாரத்நெட் திட்டத்தின் தமிழ்நாட்டுக் கணக்கு. பிஎஸ்என்எல் ஃபைபர் அப்போது மாதம் 449 ரூபாய்க்குக் கிடைத்தது, எங்கள் கணக்கில் 22 காய். அதோடு தட்டு 75 வாட், 100 வாட் என்று மின்சாரம் குடிக்கும். மோடம் பத்துப் பன்னிரண்டு வாட்டில் அடங்கிவிடும். கரண்ட் போனால் எங்கள் சின்ன இன்வெர்ட்டர் எதைத் தாங்கும்? உப்பங்காற்றில் சன்னல் கீலே இரண்டு வருஷத்தில் துருப்பிடித்துக் கையோடு வருகிற ஊர் இது. 1,700 காய்ப் பொருளை அந்தக் காற்றில் வெளியே வைக்க மனசு வருமா?

டவரைப் பார்த்து வீட்டுக்கு வெளியே ஒரு பெட்டி மாட்டும் ஏர்ஃபைபர் என்றும் ஒன்று உண்டு. கேட்டேன். ஆள் வந்தார். டவர் எங்கே என்று பார்த்தார். தென்னை. போய்விட்டார்.

ஒரு விஷயம்தான் என்னை உறுத்துகிறது. அந்தமான் தீவுகள் பல காலம் இணையத்துக்குச் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அங்கே கடலடிக் கேபிள் போய்ச் சேர்ந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர். மேலே எத்தனை கப்பல், உள்ளே எத்தனை சுறா. அத்தனையும் தாண்டிப் போகிற கண்ணாடி இழைக்கு எங்கள் வீட்டு முருங்கையைத் தாண்டத் தெரியவில்லை.

லைன் அறுந்த மூன்றாம் நாள் ராத்திரி எட்டரைக்குக் கேபிள்காரத் தம்பி வந்தார். ரெயின்கோட், நெற்றியில் டார்ச். திண்ணையில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். கறுப்பு உறையை உரித்தால் உள்ளே தலைமயிர் தடிமனில் ஒரு கண்ணாடி நூல். ஸ்பிரிட் தொட்ட காகிதத்தால் அதைத் துடைத்து, சின்னக் கத்திப் பொறியில் வைத்து 'டிக்' என்று நறுக்கி, இரண்டு முனைகளையும் இயந்திரத்தில் எதிரெதிரே படுக்க வைத்தார். திரையில் இரண்டு முனையும் பனைமரம் மாதிரி பெரிதாகத் தெரிந்தன. தாமாக நகர்ந்து, நேராகி, ஒன்றையொன்று பார்த்து நின்றன. பளிச்சென்று ஒரு பொறி. ஒட்டிக்கொண்டது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பின நேரம்கூட எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

"சார், இனிமே முருங்கை வேணாம்" என்றார் தம்பி. "தென்னையில ஏத்திக் கட்டிடுறேன். புயலே வந்தாலும் அசையாது."

மனைவி மச்சானைத் திரும்பிப் பார்த்தாள். இனி அந்த மரத்தை யாரும் தொட முடியாது, அதில் இணையம் குடியேறிவிட்டது. தம்பிக்கு இரண்டு தேங்காயும் ஒரு கட்டு முருங்கைக்காயும் கிடைத்தன. லாஸ் அணைந்தது. மழை நின்று, மகள் சென்னை போனாள்.

நாற்பது நாள், ஒரு குறையும் இல்லை. தை பிறந்தது. காய் பறிக்க வழக்கமாக வரும் பெரியவர் வந்து, ஒவ்வொரு மரமாக ஏறி, குலை குலையாய் இறக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனில் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மோடத்தைத் திரும்பிப் பார்த்தேன். சிவப்பு.

வெளியே ஓடிப்போய் அண்ணாந்தேன். உச்சியில் பெரியவர், ஒரு கையில் அரிவாள், இன்னொரு கையில் கறுப்பாக நீளமாக ஏதோ.

"சாமி, மரத்துல நல்ல கயிறு ஒண்ணு சும்மா சுத்திக்கிட்டு இருந்துச்சு" என்று கத்தினார். "மட்டையைக் கட்டக் கொஞ்சம் அறுத்துக்கிட்டேன். மீதி வேணுமா?"