ஆய்வு நிதி விண்ணப்பம்: தோற்றமும் பாடபேதமும் – கும்மிடிப்பூண்டி நிலத்தடி நீரை முன்வைத்து

1. வரையறை

ஆய்வு நிதி விண்ணப்பம் என்பது, முடிவை அறிந்த ஒருவர் அதை அறியாதவர்போல் எழுதும் உரைநடை வகை. புனைகதையில் துறைத்தலைவர் முத்திரை இராது, இதில் இருக்கும். வேறு வேறுபாடு இல்லை.

2. புரவலர்

2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் இடத்துக்கு, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்தது. பாட்டுடைத் தலைவன் மாறினான், பாட்டு மாறவில்லை. சென்ற ஆண்டு பரிசில் பெற்றவர் இந்த ஆண்டு பெறாதவரை எதிர்ப்பட்டு வழிகூறுவதால், இவ்வகையை ஆற்றுப்படையுள் அடக்குவாரும் உளர்.

3. தலைப்பு

முக்காற்புள்ளி இன்றியமையாதது.

4. முன்னுரை

தொன்மையில் தொடங்குவது மரபு. திருவள்ளூர் மாவட்டம் அதற்கு வாய்ப்பான நிலம். அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என 2011இல் வெளியான ஆய்வு கணித்தது. சிப்காட் ஓரத்து ஆழ்துளைக் கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்கப் போகும் விண்ணப்பமும் அங்கிருந்தே புறப்பட்டு, இரண்டே பத்திகளில் கும்மிடிப்பூண்டி வந்து சேரும். ஃபூட் நிலவியல் அளவைத் துறை அலுவலர் என்பதும், கற்கோடரி தேடுவதற்காக அவர் அத்துறைக்கு எடுக்கப்படவில்லை என்பதும் முன்னுரைகளில் இடம்பெறா.

5. ஆய்வு இடைவெளி

முன்னோர் எழுதியதைப் படிக்காதவருக்கு எளிதில் புலப்படும்.

6. பாடபேதம்

இரும்பு ஆலைகளுக்குப் பேர்போன கும்மிடிப்பூண்டியைப் பற்றிய விண்ணப்பத்தில், ஆறாம் பக்கத்தில் திடீரெனத் தோல் ஊறத் தொடங்கும். பதினோராம் பக்கத்தில் பாலாறு ஓடும். புவியியலார் இதைப் பிழை என்பர். சுவடியியலார் அவ்வாறு அவசரப்படுவதில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் வழியில் நோக்கினால், மூலப்படி ராணிப்பேட்டையில் தோன்றியது தெளிவு (காண்க: சென்ற ஆண்டு விண்ணப்பம், ப. 6).

பதினான்காம் பக்கத்தில் வரும் 'உப்பளம்' என்னும் சொல்லைக் கொண்டு, ராணிப்பேட்டைப் படிக்கும் முந்தையதொரு தூத்துக்குடிப் படி இருந்து அழிந்ததென மற்றொரு சாரார் வாதிடுவர் (ஒப்பிடுக: அதற்கு முந்தைய ஆண்டு விண்ணப்பம், ப. 14, அதே பத்தி, அதே எழுத்துப்பிழை). இரு சாராரும் ஒருவர் நூலை மற்றவர் படிப்பதில்லை. மறுப்பதற்கு அது தேவைப்படவும் இல்லை.

அவ்வெழுத்துப்பிழை தனிக் கவனத்துக்குரியது. 'நிலத்தடி நீர்மட்டம்' எல்லாப் படிகளிலும் 'நிலத்தடி நீர்மட்டன்' என்றே காணப்படுகிறது. தட்டச்சுக் குறை என்பது முதற்கொள்கை. 'அறம்' 'அறன்' ஆனதுபோல் மகரம் னகரமாயிற்று, எனவே இது இறுதிப்போலி, ஆகவே இலக்கணமுடையது என்பது இரண்டாம் கொள்கை. இதற்கு மட்டும் மூன்று முனைவர் பட்டம் தாங்கும். எழுதியவர் அன்று மதியம் உண்டது என்ன என்று கேட்பது மூன்றாம் கொள்கை (மேலது, மேலதின் மேலது, வாய்மொழித் தரவு: கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம் அருகே டீக்கடை பெஞ்சு, கால் ஆடும் பக்கம், இரண்டாம் டீக்குப் பின், மழை நாள்). எளிமை கருதி அறிஞர் இதை ஏற்பதில்லை.

7. பட்ஜெட்

இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். தண்ணீர் பிடிப்பவர் அவரே. கருவிக்கு மூன்று கடைகளின் கொட்டேஷன் வேண்டும். மூன்றிலும் எழுத்துப்பிழை ஒன்றாகவே இருப்பது ஆறாம் இயலோடு தொடர்புடையதா என்பது ஆய்வுக்குரியது.

8. பயனாளிகள்

கிணற்றுக்காரர்.

9. நிறைவு

ஆய்வு முடிந்ததும், 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தரப்படும். மிஞ்சிய பணம் திரும்பிப் போகும். மிஞ்சிய தண்ணீர் போகாது. அது ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்து, அடுத்த விண்ணப்பத்தில் 'முதற்கட்டத் தரவு' என்னும் பெயர் பெறும். பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டில் 'ராணிப்பேட்டை' என்றிருப்பது முதற்சாராரின் கொள்கைக்கு அரண் செய்கிறது.