தேவதையை யார் தேடுவார்?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் சுங்குடி சேலை விற்கிறேன். காசு கட்டி விளம்பரம் செய்ய வசதியில்லை. தேடினால் என் கடை வருவதே இல்லையே, ஏன்?
– ஒரு வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: கணக்குக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? 'ஏஞ்சல் கலெக்‌ஷன்ஸ்' மாதிரி ஏதாவது இருக்கும். சேலை வேண்டுகிறவர் 'சுங்குடி காட்டன்' என்று தட்டுவாரா, தேவதையைத் தேடுவாரா?

தேடுபவர் தட்டும் சொல்லைக் கணக்கின் பெயர், பயோ, படத்துக்குக் கீழே எழுதும் வரி, ஹேஷ்டேக், இடம் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறோம் என்று இன்ஸ்டாகிராமே 2021-இல் சொல்லிவிட்டது. ஆகவே பெயரிலேயே 'சுங்குடி சேலை, சின்னாளப்பட்டி' என்று சேருங்கள். (யோசித்து மாற்றுங்கள். 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள்.) ஆங்கில எழுத்திலும் எழுதிவையுங்கள், 'ழ' எங்கே இருக்கிறதென்று தேடப் பொறுமையில்லாதவர்களும் சேலை கட்டுகிறார்கள்.

படத்துக்குக் கீழே நான்கு இதயம், ஒரு நெருப்பு, அதோடு முடிந்தது என்று விடாதீர்கள். இதயத்தைத் தட்டி யாரும் சேலை தேடுவதில்லை. நிறம், முடிச்சுச் சாயமா அச்சா, நீளம், ரவிக்கைத் துணி உண்டா, எல்லாம் எழுதுங்கள். விலையையும்தான். 'டிஎம் ப்ளீஸ்' என்று ரகசியம் காக்க, அது சேலை விலையா, சிபிஐ கோப்பா?

கணக்கை பிசினஸ் கணக்காக மாற்றி, பொதுவில் வையுங்கள். 2025 ஜூலை முதல் அத்தகைய பதிவுகள் கூகுள் தேடலிலும் தலைகாட்டுகின்றன. அதற்கும் காசு கேட்பதில்லை, இதுவரை!