ஒரே ஒரு தம்ளர்

குழந்தையின் முதல் முடிவெட்டு என்பது பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைக் குடும்பங்களில் சுற்றம் கூட்டிச் செய்யும் விழா. கெச்சுவா மொழியில் அதற்கு ருத்துச்சிக்குய் என்று பெயர். அதுவரை கத்தரி படாத முடியைச் சிறுசிறு சடைகளாகப் பிரித்து ரிப்பன் கட்டுவார்கள். ஞானத்தந்தை முதல் சடையை வெட்டித் தட்டில் பணம் வைப்பார். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக. இதில் வெளிநாட்டு விருந்தாளியின் பங்கு என்ன, அவர் எப்போது விடைபெறலாம் என்பவையே இங்கு விளக்கப்படும்.

பகல் 12 மணிக்கு அழைத்தால் 12 மணிக்கே போய் நிற்பவர் வெளிநாட்டார். அப்போது வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருப்பார். இந்தத் தாமதப் பழக்கத்தை ஒழிக்க 2007 மார்ச் 1 அன்று அரசே நாடு முழுக்கக் கடிகாரங்களைச் சரிசெய்யச் சொன்னது. கடிகாரங்கள் சரியாயின.

அடுத்தது பீர். ஆட்கள் இருபது, தம்ளர் ஒன்று. புட்டியை வைத்திருப்பவர் தமக்கு ஊற்றிக்கொண்டு புட்டியை அடுத்தவரிடம் தருவார். குடித்து, அடியில் தங்கிய நுரையைத் தரையில் உதறிவிட்டுத் தம்ளரையும் தருவார். ஆக, ஒருவர் குடிக்கும்போது அடுத்தவர் கையில் புட்டியும் கண்ணில் ஏக்கமுமாக நிற்பார். வெளிநாட்டு விருந்தாளி பீரைச் சூடான காப்பிபோல உறிஞ்சுவார். நடுவில் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மலையின் அழகைப் புகழ்வார். வட்டம் நின்றுவிடும். பதினெட்டுப் பேர் மலையைப் பார்ப்பார்கள். பத்தொன்பதாமவர் தம்ளரைப் பார்ப்பார். “இருக்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தம்ளர் வாங்கினால் என்ன?” என்ற கேள்வி விருந்தாளிக்கு இந்த இடத்தில்தான் எழும். சமையலறையில் இரண்டு டஜன் தம்ளர் கவிழ்த்து வைத்திருப்பதையும் அவர் பார்த்திருப்பார். இதைத் தொகுத்தவர் சென்ற மாதம் அப்படியொரு வட்டத்தில் மூன்று மணி நேரம் நின்று, பதினோரு முறை “போதும்” என்றவர். அங்கே அந்தச் சொல்லுக்கு “அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்” என்று பொருள். தம்ளர் நான்காம் முறை வந்தபோது அதன் விளிம்பில் யாரோ ஒருவரின் உதட்டுச் சாயம் இருந்தது. ஐந்தாம் முறை அது இல்லை. எங்கே போனது என்று யோசிக்காமலிருப்பதே நல்லது.

வாயில் படுமுன் சில துளியைப் பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, ஊற்ற வேண்டும். சில துளிதான். முழுத் தம்ளரையும் பக்தியோடு கவிழ்த்தால் வீட்டுப் பாட்டிக்குப் புரிந்துவிடும்.

உணவு, முழுதாக வறுத்த கினிப் பன்றி. தலை, பல், நகம் எல்லாம் இருக்கும். கூஸ்கோ பேராலயத்தில் மார்க்கோஸ் சபாத்தா வரைந்த இறுதி இராவுணவு ஓவியத்தில் இயேசுவின் முன்னாலும் இதே பிராணிதான் மல்லாந்து கிடக்கிறது. ஆகவே விருந்தாளி மறுக்க வழியில்லை.

கத்தரிக்கோல் விருந்தாளி கைக்கு வரும்போது குழந்தை தூங்கியிருக்கும், அவருக்கோ கை நடுங்கும். சடையைக் காதோரம் வெட்டக் கூடாது. தட்டில் வைக்கும் டாலர் நோட்டில் ஓரத்தில் சிறு கிழிசல்கூட இருக்கக் கூடாது. மறுநாள் கடைக்காரர் வாங்கமாட்டார். விடைபெறுவதைப் பற்றிச் சொல்லலாம் என்றால் தம்ளர் மறுபடி வந்துவிட்டது.