பலகை பார்த்த பண்டிதர்

லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிற அப்பாக்களுக்கென்று வகுத்து வைத்த ஒரு வழி உண்டு. அரண்மனை, மணிக்கூண்டு, பாலம், ராட்டினம். இந்த நாலும் முடிந்த பிறகு நம்மை எங்கே கொண்டுபோய் விடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. என் மகன் யோசித்தான். "அம்மாவுக்கு மூலிகைன்னா உசுரு" என்று சொல்லி, செல்சீ ஃபிசிக் கார்டனுக்கு டிக்கெட் போட்டான். எனக்கு எது உசுரு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சட்டென்று சொல்லியிருக்க மாட்டேன்.

டிக்கெட் விலையை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் வியாதி எனக்கு உண்டு. அதற்கு அந்தத் தோட்டத்திலும் மூலிகை கிடையாது.

தேம்ஸ் நதிக்கரையை ஒட்டி, செங்கல் மதிலுக்குள்ளே சுமார் 4 ஏக்கர். லண்டன் மருந்து வியாபாரிகளின் சங்கம் 1673-இல் போட்ட தோட்டம். அழகுக்காகப் போட்டதல்ல, கடைகளில் தொழில் பழகும் பையன்களுக்குச் செடி அடையாளம் சொல்லிக் கொடுக்கப் போட்டது. அன்றைக்கு மருந்து என்றால் பெரும்பாலும் இலை, வேர், பட்டை. இலை மாறினால் ஆள் மாட்டிக்கொள்வான். சுற்றிக் காட்டிய அம்மையார் உதாரணத்துக்கு ஹெம்லாக்கைச் சொன்னார். சாக்ரடீஸுக்குக் கொடுத்த நஞ்சு. கொத்தமல்லி வகையறாதான், இலையும் கிட்டத்தட்ட அதே ஜாடை. தண்டில் ஊதாப் புள்ளிகள் இருக்கும், அதைக் கவனிக்க வேண்டும்.

நான் இதைத் தமிழில் விளக்கி முடித்ததும் என் மனைவி, "நல்லவேளை, மாம்பலம் மார்க்கெட்டுக்கு இது வர்றதில்ல" என்றாள்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. என்னைக் கீரை வாங்க அனுப்பினால் நான் கீரையைப் பார்க்க மாட்டேன். கீரைக்காரம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். "சிறுகீரைதானே?" என்பேன். "ஆமா சார்" என்பார். அரைக்கீரையா என்றாலும் ஆமாதான். இந்த முறையில் நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். 350 வருஷத்துக்கு முன்பே என்னை மாதிரி ஆட்களை உத்தேசித்து மதில் கட்டிப் பள்ளிக்கூடம் வைத்தவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

அங்கே எனக்குப் பிடித்தது பெயர்ப்பலகைதான். செடிக்குச் செடி பலகை. லத்தீன் பெயரை உரக்கப் படித்துக்கொண்டே நான் முன்னால் போனேன். பலகையைப் பாராமல், குனிந்து இலையை முகர்ந்துகொண்டே அவள் பின்னால் வந்தாள். கண்ணாடி வீட்டுக்குள், கதகதப்பில், ராஜோபசாரத்தோடு வளர்ந்துகொண்டிருந்த ஒரு செடிக்கு நான் "கதராந்தஸ்..." என்று ஆரம்பிப்பதற்குள், "அட, நம்ம சுடுகாட்டு மல்லி!" என்று கத்திவிட்டாள்.

நித்தியகல்யாணி. எங்கள் ஊரில் வீட்டு வாசலில் வைக்கத் தயங்குவார்கள். பிறந்த இடம் மடகாஸ்கர். 18-ஆம் நூற்றாண்டில் இந்தத் தோட்டத்தில் பிலிப் மில்லர் என்ற தலைமைத் தோட்டக்காரர் இதை வளர்த்து, விதையைப் பல ஊர்களுக்கு அனுப்பினார். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் பிறகு இந்தச் செடியிலிருந்துதான் வந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரில் எத்தனை செடியைப் பிடுங்கி எறியச் சொன்னாளோ, அந்தக் கணக்கை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கீரைக் கணக்கு வெளியே வரும்.

தோட்டத்தின் நடுவே சர் ஹான்ஸ் ஸ்லோன் சிலையாக நிற்கிறார். வைத்தியர். பிரிட்டிஷ் மியூசியம் பிறந்ததே இவர் சேர்த்து வைத்த சாமான்களை வைத்துத்தான். இந்த நிலத்தை 1722-இல் மருந்து வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டார். வருஷத்துக்கு 5 பவுண்டு, என்றென்றைக்கும். இந்த ஒரு கணக்கை மட்டும் நான் ரூபாயில் போட்டுப் பார்த்தேன். போட்டுவிட்டு, பதினொரு மாத ஒப்பந்தம் முடிகிற அன்று காலையிலேயே காலிங் பெல்லை அடிக்கும் என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு, ஸ்லோனைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஆனால் எனக்கு நெருக்கமானவர் அங்கே சிலையாக இல்லாத ஒருவர்: அலெக்சாண்டர் பிளாக்வெல். கடன்பட்டுச் சிறைக்குப் போனார். அவரை மீட்க அவர் மனைவி எலிசபெத் இந்தத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே குடிவந்து, செடிகளைப் பார்த்து வரைந்து, செப்புத் தகட்டில் தானே செதுக்கி, கையால் வண்ணமும் பூசி, 500 படங்களோடு ஒரு மூலிகைப் புத்தகத்தை 1737 முதல் 1739 வரை பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார். கணவர் என்ன செய்தார்? சிறையில் உட்கார்ந்தபடி செடிகளுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தார்! படித்ததும் எனக்குக் கூடப்பிறந்தவரைக் கண்ட மாதிரி இருந்தது. மனைவி மீட்ட மனிதர் பிறகு ஸ்வீடனுக்குப் போய், அரசியல் சதியில் சிக்கி, 1747-இல் தலையை இழந்தார். வெட்டுமேடையில் தலையைத் தப்பான பக்கமாக வைத்துவிட்டு, முதல் தடவை என்பதால் பழக்கமில்லை என்றாராம். கதையாகவே இருக்கட்டும். நானும் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்து லண்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு பழைய தேவாலயத்தின் பரண். 52 படி, குறுகலான சுழல் படிக்கட்டு. மூட்டு வலிக்காரன் மருந்து பார்க்க இப்படித்தான் ஏற வேண்டும் என்றால் அதுவே ஒரு வைத்திய முறை போலும். மேலே 1822-இல் கட்டிய அறுவை அரங்கு. மயக்க மருந்து வருவதற்கு முந்திய காலத்து மேஜை. அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்தேன். பக்கத்தில்தான் அந்தக் காலத்து ஆஸ்பத்திரிக்கு மூலிகை உலர்த்திய பரண்; விட்டத்தில் காய்ந்த அபினிக் காய்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. நுழைந்ததும் நாட்டு மருந்துக் கடை வாசனை. நத்தையையும் மண்புழுவையும் மூலிகையோடு சேர்த்து வடித்த ஒரு பழைய மருந்தைப் பற்றியும் அங்கே தெரிந்துகொண்டேன். நிலவேம்புக் கஷாயத்தைப் பற்றி வாழ்நாளில் நான் பேசிய பேச்செல்லாம் வாபஸ்.

இங்கே சாமுவேல் பிரவுனைச் சொல்லாமல் விட்டால் சென்னைக்காரனுக்கு அழகில்லை. 1690-களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் டாக்டர். சுற்றுவட்டாரத்துச் செடிகளை உலர்த்தி, தமிழ்ப் பெயரையும் எழுதி, லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்து வியாபாரிக்கு அனுப்பினார். பெட்டிவரின் சேகரிப்பையும் பின்னால் நம் ஸ்லோனே வாங்கிப்போட்டார். அந்தப் பெயர்களைப் பிரவுனுக்கு நம்மூர் வைத்தியரோ ஒரு பாட்டியோதான் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கேட்டிருந்தால் பாதிச் செடிக்குக் 'கீரை' என்றும், மீதிக்கு 'இதுவும் கீரைதான்' என்றும் சொல்லியிருப்பேன்.

பரணில் இருந்த ஊழியப் பெண் ஒரு கூடையிலிருந்து இஞ்சியை எடுத்துக் காட்டி, உங்கள் நாட்டில் இதை எதற்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். மனைவி ஆரம்பித்தாள். இஞ்சியைக் காயவைத்தால் சுக்கு, தோல் சீவாமல் போடக் கூடாது, தலைவலிக்கு இழைத்துப் பற்று, அஜீரணத்துக்கு இப்படி, பிள்ளை பெற்றவளுக்கு இப்படி, மிளகும் திப்பிலியும் சேர்ந்தால் அது வேறு கணக்கு. மூச்சு விடாமல் சொல்லி முடித்து, "சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தாள்.

"குட் ஃபார் ஸ்டமக்" என்றேன்.

அந்தப் பெண் மகிழ்ந்துபோய் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, குறித்துக்கொள்ளத் தகவல் சொன்னவர் பெயர் வேண்டும் என்றார். நான் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பிரவுன் துரைக்கும் அன்னிக்கு இப்படித்தான் ஒருத்தர் குறுக்கே நின்னிருப்பார்" என்றாள் மனைவி. மகன் அதை உடனே அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷில் சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.