ஸ்டார்ட் எங்கே?

விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பட்டனையே தூக்கினார்களே, சனம் சும்மா விட்டதா?
*வாசகர், வண்ணாத்திவில்லு*

திரை நிறைய ஓடுகளைப் பார்த்ததும் பலர் விண்டோஸ் 7க்கே ஓடினார்கள். 2012 அக்டோபரில் போன பட்டன், அடுத்த அக்டோபரில் 8.1உடன் திரும்பியது. அழுத்தினால் மறுபடியும் அதே ஓடுகள்! மெனு திரும்ப 2015இல் விண்டோஸ் 10 வரவேண்டியிருந்தது. (9 எங்கே என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.)

விண்டோஸ் 11இல் ஸ்டார்ட்டை மூலையிலிருந்து நடுவுக்கு இழுத்துவிட்டார்கள். அநியாயம் இல்லையா?
*மீண்டும் அதே வாசகர்*

வண்ணாத்திவில்லில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்? அங்கே விளையும் கஜு தன் கொட்டையைப் பழத்துக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது. உள்ளே வைக்கச் சொல்லி யாராவது சண்டை பிடித்தோமா? செட்டிங்ஸில் டாஸ்க்பார் பகுதிக்குப் போய் இடப்பக்கம் தள்ளிவிடுங்கள். டாஸ்க்பாரைத் திரையின் மேலே ஏற்றத்தான் 2021இல் வழி வைக்கவில்லை. விண்டோஸ் 95இலேயே முடிந்த காரியம் அது. அதற்குக் கோபப்பட்டால் நானும் வருகிறேன்.

அப்ப 10இலேயே இருந்துவிடலாமா?
*விடாத அதே வாசகர்*

2025 அக்டோபர் 14உடன் அதற்கான வழமையான இலவச ஆதரவு முடிந்தது. 11க்குத் தாவலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. பட்டனுக்குப் போட்ட சத்தத்தில் பாதியை இதற்குப் போட்டிருக்கலாம்.