லீவரை இழுத்துப் பாருங்கள்!

எங்கள் லேபில் இருப்பது கையால் இழுக்கும் சின்ன இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின். கம்பெனியில் எல்லாமே கம்ப்யூட்டர். இதைக் கற்று என்ன பயன்? (மெக்கானிக்கல் மாணவர், சேலம்)

பெரிய மெஷினில் அழுத்தம் என்பது திரையில் ஓர் எண். கை மெஷினில் அது உங்கள் தோள்பட்டை! பாலிபுரொப்பிலீனை 170 டிகிரியில் வைத்து லீவரை இழுங்கள், முரண்டு பிடிக்கும். 210-க்கு ஏற்றி மறுபடி இழுங்கள். பாகுத்தன்மை பற்றிப் பாடத்தில் படித்ததெல்லாம் அந்த இழுப்பில் விளங்கிவிடும். ஹயாட் சகோதரர்கள் 1872-ல் காப்புரிமை பெற்ற மெஷினும் உருகியதை உலக்கையால் தள்ளும் இதே வகைதான்.

பொருள் பாதிதான் வருகிறது. தூக்கிப் போட்டுவிடட்டுமா? (மாணவி, ஓசூர்)

போடாதீர்கள், அதுதான் பாடம். வேண்டுமென்றே கால், அரை, முக்கால் என்று அளவை ஏற்றிச் செலுத்தி, வந்ததை வரிசையாக மேஜையில் வையுங்கள். பிளாஸ்டிக் எந்த வழியாக நுழைந்தது, துளையை எப்படிச் சுற்றிக்கொண்டு போனது என்பது அப்படியே தெரியும். இரண்டு ஓட்டங்கள் சந்தித்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். வளைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

மோல்டில் 50 மி.மீ., பொருளில் 49.2. மோல்டு தப்பா? (டிப்ளமோ மாணவர், கோவை)

மோல்டு சரி. பாலிபுரொப்பிலீன் ஆறும்போது படிகமாகி, 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். அதே மோல்டில் ஏபிஎஸ் ஊற்றினால் சுருக்கம் அரை சதவீதம் அளவுக்குத்தான். டிசைன் செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்தப் பிளாஸ்டிக்?’

வேக்யூம் ஃபார்மிங்கில் டப்பாவின் மூலை மட்டும் ஏன் மெலிகிறது? (மாணவர், மதுரை)

மோல்டை முதலில் தொட்ட இடம் குளிர்ந்து கெட்டிப்பட்டுவிடும். கடைசியாக மூலைக்குப் போகும் பகுதிதான் மிச்சமுள்ள தூரம் முழுவதும் நீள வேண்டும். ஷீட்டைச் சூடாக்கும் முன் மார்க்கரால் கட்டம் போடுங்கள். மூலைக் கட்டங்கள் எவ்வளவு இழுபட்டிருக்கின்றன என்று எண்ணியே சொல்லிவிடலாம்.

லேபில் மெஷின் இருக்கிறது, ஆனால் ரிப்பேர் ஆகிவிடும் என்று தொட விடுவதில்லையே? (மாணவி, பெயர் வேண்டாம்)

மனசு கொதிக்கிறது. ஹீட்டர் பட்டை எரிந்தால் வேறு மாட்டலாம். தொடாமலே பட்டம் வாங்கிப் போகிறவர்களை என்ன செய்வது? நாலு பேர் சேர்ந்து, என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு பக்கம் எழுதி ஹெச்.ஓ.டி.யிடம் கொடுங்கள். லேப் அசிஸ்டென்ட் பக்கத்தில் இருக்கட்டும், லீவர் உங்கள் கையில் இருக்கட்டும்.

பழைய பிளாஸ்டிக்கை அரைத்துப் போடலாமா? (மாணவர், திருச்சி)

பாட்டில் மூடி, தாராளமாக. வகை பிரித்து, கழுவி, காயவைத்து. பிவிசி பைப் மட்டும் கூடவே கூடாது. சூடு மீறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். நுரையீரலுக்கும் ஆகாது, பேரலுக்கும் ஆகாது.